ஒன்பதாவது நிமிடம்

மூளையில் வீங்கிய ரத்தக்குழாய்க்கு ஆபரேஷன் செய்யும்போது, அது வெடிக்காமலிருக்க, ரத்தம் வரும் வழியைக் கிளிப் போட்டுக் கொஞ்ச நேரம் அடைப்பார்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ரத்தம் இல்லாமல் மூளை தாங்காது என்பது எங்கள் டாக்டரின் கணக்கு. கடிகாரம் பார்த்து நிமிடங்களை உரக்கச் சொல்வது நர்ஸான என் வேலை.

காசிமேட்டில் மீன் விற்கும் பூவம்மாக்காவுக்கு மூன்று முறை அடைத்தார். முதல் இரண்டு முறையும் நான்காவது நிமிடத்திலேயே திறந்துவிட்டார். மூன்றாவது முறை வீக்கம் கசிந்தது, திறக்க முடியவில்லை. ஒன்பது என்று சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அக்கா கண் விழித்தார்.

"கனா கண்டேம்மா. கொருக்குப்பேட்ட ரயில்வே கேட்டாண்ட கூடையோட நிக்கிறேன். ஒரே பனி. கேட்டு மூடிக்கினு கீது. தொறந்தாங்க, மறுபடி மூடுனாங்க. நின்னுகினே இருந்தேன்."

"மூணாவது தபா?" என்று கேட்டுவிட்டேன்.

"ரொம்ப நேரம் தொறக்கல. மீனு கெட்டுப்பூடும்னு குனிஞ்சு பூந்து வந்துட்டேன். கூடைதான் அந்தாண்டயே நின்னுபோச்சு. எடுத்துக் குடும்மா."

வலது கையை நீட்டினார். இடது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல், போர்வைமேல் கிடந்தது.