கை காட்டாத நாள்

நுவரெலியாவில், பொலிசுக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் அலுவலகத்தின் மாடி அறைக்குள் அமிர்தநாதனைக் கூப்பிட்டபோது மணி பத்தே கால். வரச் சொன்னது எட்டரைக்கு. பக்கத்தில் மனைவி பெற்றீசியா. எதிரே விசாரணை அதிகாரி, தமிழ் பேசும் ஒரு பெண். ஓரத்து நாற்காலியில் பாலத்தடியில் சோதனைக்கு நிற்கும் பொலிஸ் சார்ஜன், சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலக் காலை நீட்டியிருந்தார்.

முறைப்பாட்டை எழுதியது பெற்றீசியாதான். தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. எதையும் திகதி போட்டுக் குறித்து வைக்கிறவள். அக்கரப்பத்தனையிலிருந்து ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் அமிர்தநாதனின் ஆட்டோவைப் பாலத்தடியில் ஜனவரி தொடக்கம் பதினொரு முறை மறித்திருந்தார்கள். ஒருநாள் கஞ்சா என்று தகவல், ஒருநாள் தேடுகிற ஆளின் சாடை, ஒருநாள் சும்மா. சீட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். ரொட்டியும் சம்பலும் இருந்தன. பெற்றீசியா கூட வந்த இரண்டு நாளும் அவளையும் இறக்கிக் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் பிந்திப் போய்ப் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். இரண்டு வீட்டார் வேறு ஆட்டோ பார்த்துக்கொண்டார்கள். மற்ற நாலு வீட்டாரும், விசாரணை முடியட்டும், பார்ப்போம் என்றார்கள். ஏன் மறிக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மறிக்கிறார்களே, என்னமோ இருக்கும் என்பதுதான் ஊரின் கணக்கு. அமிர்தநாதனுக்கு முதல் மூன்று தடவை அவமானமாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

அதிகாரி திகதி திகதியாகக் கேட்டார். முதல் பத்து நாளுக்கும் சார்ஜனின் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது, வெளியாள் சாட்சியும் கிடையாது. பதினோராவது நாளுக்கு மட்டும் ஆள் இருந்தது. பாலத்தடியில் கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன் நானா, பிள்ளைகள் மழையில் இருபது நிமிடம் நின்றதைக் கண்ணால் கண்டதாகக் கடிதம் கொடுத்திருந்தார். அந்த ஒரு நாளை நம்பித்தான் வந்திருந்தார்கள்.

சார்ஜன் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். அன்று தாங்கள் யாரையும் மறிக்கவில்லை. பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். இவனாக வந்து நின்றான். கூப்பிடாமலே ஒருவன் வந்து நின்றால் சந்தேகம் வரத்தானே செய்யும், அதனால்தான் சோதித்தார்கள்.

அதிகாரி அமிர்தநாதனைப் பார்த்தார். "அன்னைக்கு கையக் காட்டினாங்களா?"

அவனுக்கு அந்தக் காலை நன்றாக ஞாபகம் இருந்தது. சார்ஜன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், கையில் கிளாஸ். இவன் கால்தான் பிரேக்கை அமத்தியது. என்ஜினை நிறுத்தி, இறங்கி, லைசனையும் அடையாள அட்டையையும் நீட்டியபடி நின்றான். பிள்ளைகளும் சொல்லாமலே இறங்கி வரிசையாக நின்றார்கள்.

"இல்லீங்க மிஸ்."

பெற்றீசியா திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் நிப்பாட்டினீங்க?"

அவன் யோசித்துப் பார்த்தான். "பழகிப்போச்சுங்க."

"பத்து நாளு மறிச்சாங்களே, அதுனாலதான் மிஸ் நின்னாரு" என்றாள் பெற்றீசியா.

"எனக்கு வெளங்குது. ஆனா அந்தப் பத்து நாளுக்கும் எழுத்துல ஒண்ணும் இல்லையே."

அதிகாரி எழுதி, வாசித்தும் காட்டினார்: முறைப்பாட்டாளர் தன் விருப்பத்தின் பேரில் வாகனத்தை நிறுத்தினார். அமிர்தநாதன் கீழே கையெழுத்துப் போட்டான். சார்ஜன் போகும்போது அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் ஆட்டோ நானுஓயாவைத் தாண்டியது. பெற்றீசியா பின்சீட்டிலிருந்து கேட்டாள். "ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"அந்த நாலு வீட்டுக்கும் இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

வருத்தப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, வருத்தம்தான் வரவில்லை. நாளைக் காலை எந்த வாசலில் நின்று ஹோர்ன் அடிப்பது என்று நினைத்துப் பார்த்தான். அதிலும் மனம் ஒட்டவில்லை.

தூறல் தொடங்கியிருந்தது. பாலத்தடியில் யாரும் இல்லை. மறிக்கிற பலகை ஓரத்தில் குப்புறக் கிடந்தது. இஸ்ஸதீன் நானாவின் கடை பூட்டியிருந்தது. ஆட்டோ நின்றது. நின்ற பிறகுதான், நிறுத்தியது தான்தான் என்று அவனுக்கு உறைத்தது. லைசன் ஏற்கெனவே கையில் இருந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திரும்பிப் பார்த்தான். பெற்றீசியா இறங்கிப் புல்லோரமாக நின்றிருந்தாள். தூறல் உள்ளே விழ, கைப்பையைத் திறந்து முன்னால் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத பாலத்தைப் பார்த்தபடி.