சத்தியநாதன் சார் முடிக்காத மூஞ்சி

1
இப்போதெல்லாம் செத்தவரைப் பற்றி நாலு வரி கேட்டு வருகிறவர்கள், அந்த நாலு வரியையும் அவர்களே யோசித்து வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். நாம் தலையாட்டினால் போதும். இந்தக் கதையும் அப்படித்தான் பிறந்தது. ஓவியப் பள்ளி வாத்தியார் சத்தியநாதன் சாரின் மகள் கிருபா, அவர் படங்களைப் பீர்க்கன்கரணையில் கண்காட்சி வைக்கிறாள். என்னிடம் ஒரு பக்கம் கேட்டாள். நான் படித்தது ஐந்தாவது. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் பார்த்து வரைவதற்காக ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தவன்.

2
'சத்தியநாதன் சார் மாபெரும்...'
(அடித்துவிட்டேன். எவ்வளவு பெரும்?)
'மாணவர்களிடம் அன்பே உருவாக...'
(பொய். கண்டபடி திட்டுவார்.)
நிஜம் இது: பிள்ளை வரைவது கோணலாகப் போனால், பிரஷைப் பிடுங்கித் தானே சரிசெய்துவிடுவார். கீழே பேர் போடுவது பிள்ளை. அப்படிப் பரிசு வாங்கியவன்தான் சிவகுமார்.
சார் தனக்காக வரைந்தது என் படம். லுங்கி, கால் நகம் எல்லாம் முடிந்தது. மூஞ்சியை மட்டும் வரைவார், துணியால் துடைப்பார். "நாளைக்கு வா, ஏசுபாதம்." அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

3
கிருபா வீட்டில் பார்த்தால், படத்துக்கு மூஞ்சி வந்திருக்கிறது. சிரிக்கிறேன். வரிசையாகப் பல். எனக்கு முன்பல்லே கிடையாது.
"இத்த யாரு வரைஞ்சது?"
"நான்தாண்ணா," என்றான் அங்கே படங்களைத் துடைத்துக்கொண்டிருந்த சிவகுமார். "என் படத்துல சார் கை வெச்சாரு. அவரு படத்துல நான் வெச்சேன். இன்னா தப்பு?"
"பல்லு ஏதுடா?"
"உங்க போட்டோ பாத்துதான் போட்டேன். பல்லு மட்டும் நானா..."
கிருபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூஞ்சி இல்லாம மாட்டுனா, அப்பாவால முடியலன்னுதான சொல்வாங்க? அவரே முடிச்சாருன்னு ஒரு வரி எழுதுங்கண்ணா. நீங்கதான எதுத்தாப்புல ஒக்காந்திருந்தீங்க."

4
முடிவு ஒன்று: எழுதுகிறேன். மகள் நிம்மதியாகிறாள். ஊர் என் பல்லைப் பார்க்கிறது.
முடிவு இரண்டு: சிவகுமார் பேரை எழுதுகிறேன். அப்புறம் அவன் பரிசுப் படத்தில் சார் பேரை யார் எழுதுவது?
முடிவு மூன்று: சாருக்கு முடியவில்லையா, முடிக்க மனசில்லையா என்று...
(தெரியாது. எதிரே உட்கார்ந்தவனுக்குப் படத்தின் முதுகுதான் தெரியும்.)

'இந்தப் படத்தை முடித்தவர்' என்று எழுதி, அங்கேயே நிறுத்தித் தாளைக் கொடுத்தேன். பேரை, வாசிக்கிற நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.
"எங்கண்ணா கெளம்பிட்டீங்க?" என்றாள் கிருபா.
"பெருங்களத்தூர் பஸ்ஸுக்கு."
வாசலில் திரும்பிப் பார்த்தேன். படத்தில் இருந்தவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அது நான்தான் என்று எனக்கு என்னவோ நம்பிக்கை வரவில்லை. நடந்துவிட்டேன்.