இரண்டும் இடது கை

ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் அவர் கடிகாரம் வரைந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார். மூளையிலிருந்த நீர்க்கட்டியை எடுத்தபின் நினைவும் கவனமும் முன்னைவிடத் தேறியிருக்கின்றன என்றார் டாக்டர். அந்த அறையில் கதவு சாத்தியிருந்தது, மின்விசிறிகூட ஓடவில்லை. எங்கள் கடையில் ஆறு மெஷின் ஓடும் என்று சொல்ல வாயெடுத்த மனைவி, பேசத் தெம்பில்லாமல் விட்டுவிட்டாள்.

அவர் தையல் கடையில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். அவள் அதே கடையில் தைக்கிறவள். முதலாளி கெட்டவர் இல்லை, கடை நடத்துகிறவர். ஒரு கோட்டுத் துணியை வெட்டிக் காட்டட்டும், பிசகினால் வெட்டு மேஜையை விட்டுவிட்டுப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

துணியை இரண்டாக மடித்து வெட்டினால் வலதும் இடதும் தானாக வந்துவிடும். அது கற்றுக்குட்டி வேலை, அடித்துணி நழுவும் என்பார் மாஸ்டர். ஒற்றையாக விரித்து ஒரு கையை வெட்டுவார். பிறகு அளவு அட்டையைத் திருப்பிப் போட்டு மறு கை.

அன்று முதல் கையை வெட்டி முடித்ததும் போன் அடித்தது. யாரோ நூல் கேட்டார்கள்.

"என்ன மாஸ்டரே, கட்டியோட மூளையையும் சேத்து எடுத்துட்டாங்களாமே?" என்றார் பட்டன் தைக்கிறவர்.

"உனக்கு எடுக்க என்னய்யா இருக்கு?"

கடையே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தபடி மறு கையை வெட்டினார்.

அவள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இரண்டும் இடது; அட்டையைத் திருப்பாமலே வெட்டியிருந்தார். கோட்டுத் துணிக்கு மேல்பக்கம் ஒன்றுதான், புரட்டித் தைக்க வழியில்லை. பழக்கத்தில் அவள் கை மிச்சத் துணிக்கும் கத்தரிக்கும் போனது. நிமிர்ந்தால், அவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இதுவரை நான் பிசகின சட்டையெல்லாம்கூட நீதான் மாத்தி வெட்டினியா?"

தலையசைத்தாள்.

"எத்தனை?"

"எண்ணலைங்க." கத்தரியை வைத்தாள். "இனிமே எனக்கு முடியலை."

அவர் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய், தான் செய்ததைத் தானே சொன்னார். மிச்சத் துணியில் வலது கை தேறும், இனி மடித்தே வெட்டுகிறேன் என்றார்.

"நழுவும்பீங்களே?"

"குண்டூசி குத்திக்கறேன்."

முதலாளி துணியைப் புரட்டிப் பார்த்தார். காஜா பற்றிப் பேசவில்லை. மேஜை பற்றியும் பேசவில்லை. அடுத்த கோட்டுத் துணியை மாஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

"மடிக்கணும், ஒரு முனையப் பிடி," என்றார் மாஸ்டர் மனைவியிடம்.

பிடித்தாள். அவள் தைக்க வேண்டியது மெஷினில் அப்படியே கிடந்தது.