இடப்பக்கக் குச்சி

அவள் புருஷனின் அடக்கத்துக்குப் போய் வந்தவர்களின் செருப்பு இன்னும் வாசலில் கிடந்தது. அதற்குள் மூத்தார், அவனுடைய அண்ணன், நாற்காலி மேல் ஏறி, அலமாரித் தலையிலிருந்து அவன் கட்டிய மாதிரி விமானத்தை, கிளைடரை, இறக்கிக்கொண்டிருந்தார். ஆள் நீள இறக்கை. எஞ்சின் கிடையாது, காற்றுதான் அதற்கு எண்ணெய்.

“ஒரு தடவை பறக்கவிட்டுட்டு அப்படியே எடுத்துட்டுப் போறேம்மா. உனக்கெதுக்கு இது, தூசி தட்டவா?”

அவள் இறக்கையின் ஒரு முனையைத் தாங்கிப் பிடித்தாள். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. முந்தாநாள் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்க வாங்கப் புருஷன் சொன்னது அது: “அந்தக் குச்சி விஷயத்தை அண்ணன்கிட்ட சொல்லிடு. வேணாம், பாவம்.”

பாவமாம். அவன் கட்டிய முதல் கிளைடரை இதே மூத்தார் பிடுங்கிப் பறக்கவிட்டு, பாறையில் மோதி நொறுக்கினார். கிளைடர் பறக்கவிடும் குன்றில் நின்றவர்கள் முன்னால், “வெல்டருக்கு எதுக்குடா வானம்? ஒட்டுப்போட்டது பறக்குமா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதன்பின் புருஷன் குன்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்தக் கிளைடரின் மரச்சட்டங்களை உப்புத்தாள் போட்டு உரசியவள் அவள். தேய்ந்த விரலுக்கு யார் பதில் சொல்வது?

நோய் முற்றியபின் இதைக் கட்டினான். கீழே நின்று அதை ஓட்டும் டிரான்ஸ்மிட்டர் வாங்க அவளையும் அழைத்துப் போனான். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

“மூக்கைத் தூக்குற குச்சி இதுல வலப்பக்கம், அதுல இடப்பக்கம். திருப்புறது ரெண்டுலயும் வலதுதான், ஆனா அதுல வலதை இழுத்தா பிரேக். இங்க எல்லாரும் வலதுதான் கேப்பாங்க. உங்களுக்கும் அதானே?”

“இடது.”

“பழக்கம் உண்டா சார்?”

“இல்ல.”

திரும்பும் வழியில் அவளே கேட்டாள். “தெரியாததை ஏங்க வாங்கினீங்க?”

“நான் எங்க பறக்கவிடப் போறேன்? அண்ணன் வந்து எடுப்பான். அவனுக்கு வலக்கைதான் பழக்கம்.”

இப்போது குன்றின் மேல் காற்று முகத்தில் அடித்தது. மூத்தார் டிரான்ஸ்மிட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“மாமா, முதல்ல தரையில வெச்சு ஆட்டிப் பாக்கலையா?”

“கிரேன் ஓட்டுற கைம்மா இது. எனக்கேவா? அவன் சரியாத்தானே வாங்கியிருக்கான்?”

சொல்லலாம். ஒரே வார்த்தை.

“பார்த்துப் பார்த்து வாங்கினது, மாமா.”

“அப்போ வீசு.”

அவள் நாலடி ஓடி, தோள் பலமெல்லாம் சேர்த்து வீசினாள். கிளைடர் வழுக்கிக்கொண்டு போனது. இடமாகவும் வலமாகவும் சொன்னபடி திரும்பியது. “பாத்தியா!” என்றார் மூத்தார். அப்போது மூக்கு தாழ்ந்தது. வலக் கட்டைவிரலால் குச்சியை இழுத்தார். மூக்கு எழவில்லை, இறக்கை மேல் பிரேக் பலகைகள் விறைத்து நின்றன. இன்னும் இழுத்தார். கல் விழுவதுபோல் விழுந்தது.

சத்தம் பிந்தித்தான் வந்தது.

இருவரும் இறங்கிப் போனார்கள். மூத்தார் கை இன்னும் குச்சியிலேயே இருந்தது. முறிந்து கிடந்த இறக்கையில் பிரேக் பலகை எழுந்தது, படுத்தது. அவர் நின்றார். மெல்ல இடக் கட்டைவிரலை அசைத்தார். வாலில், மூக்கைத் தூக்கும் சிறு பலகை மேலும் கீழும் ஆடியது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் குனிந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.