பாவ அறிக்கைக்குப் பிந்தி வருகிறவர்கள்

எங்கள் சரவணம்பட்டி சபையில் ஒரு சட்டம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறரைக்குத் திருவிருந்து ஆராதனை. பிரசங்கம் முடிந்து எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். அதற்குப் பிந்தி வருகிறவர்களுக்கு அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். சட்டம் போட்டது கமிட்டி. கமிட்டி என்றால் செயலாளர், அதாவது நான். மில்லில் முப்பது வருடம், ஆள் வரும் நேரத்தைக் குறிக்கிற டைம் ஆபீசில் இருந்தவன். பிந்தி வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மாசாணியம்மாள் ஐந்து மாதமாகப் பிந்தித்தான் வந்தாள். அன்னூர் ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அவளுக்கு ராத்திரி ஷிப்ட். பஸ் பிடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி வாசலுக்கு வரும்போது ஏழேகால் ஆகிவிடும். போன வருடம்தான் ஞானஸ்நானம் எடுத்தாள். அம்மன் பேராயிருக்கிறதே, மாற்று என்று சொன்னதற்கு, "இந்தப் பேரைச் சொல்லித்தானுங்களே ஆண்டவரு கூப்பிட்டாரு" என்று சொல்லிவிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"வர்ற மாசம் பாக்கலாம் அம்மணி" என்பேன். "செரிங்கண்ணா" என்று கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இந்தச் சட்டத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவோம் என்று சனிக்கிழமை மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். வெறும் சட்டத்தை யார் மதிக்கிறார்கள்? மேலே ஒரு வசனம் வேண்டும். அது எனக்குத் தலைகீழ்ப் பாடம். தகுதியில்லாமல் இந்த அப்பத்தைச் சாப்பிடுகிறவன் குற்றவாளி என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது. அந்த ஒரு வசனத்தை வைத்து எத்தனையோ பேரை உட்கார வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை வரக்கூடாதே என்று வேதத்தை விரித்தேன். விரித்தவன் சும்மா இருக்காமல் மேலேயும் கீழேயும் வாசித்துத் தொலைத்தேன்.

மேலே என்ன இருக்கிறது? வசதியுள்ளவர்கள் முந்தி வந்து சாப்பிட்டுத் தீர்த்துவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். பவுலுக்குக் கோபமே அதில்தான். முடிக்கும்போது, சாப்பிடக் கூடினால் ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்கிறார். பிந்தி வந்தவர்களை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்திக்கொண்டவர்களைத்தான் சொன்னார். என்னைத்தான் சொன்னார். நோட்டீஸைக் கிழித்துப் போட்டேன். 

மறுநாள் முதல் ஞாயிறு. பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்றேன். "ஐயா, ஒரு ஆள் வரணுங்க. கொஞ்சம் பொறுக்கலாங்களா?"

போதகர் எபனேசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யாருங்க, பிஷப்புங்களா?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"மாசாணியம்மாளுங்க."

போதகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சபை மணி பார்த்தது, இருமியது, மறுபடி மணி பார்த்தது. நான் வாசலுக்குப் போய் நின்றேன். பதினெட்டு நிமிடம் கழித்து அவள் வந்தாள். உள்ளே இருந்த அமைதியைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"முடிஞ்சு போச்சுங்களா?"

"இன்னும் பாவ அறிக்கையே சொல்லலைங்க அம்மணி. உங்களுக்காகத்தான் இருக்கறோம்."

"அதை நான் பஸ்ஸுலயே சொல்லிப்போட்டுத்தானுங்க வருவேன், மாசாமாசம்."

ஐந்து மாதமும் சொல்லிக்கொண்டேதான் வந்திருக்கிறாள். வாசலில் நின்று தலையாட்டிய நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எல்லாரும் முழங்கால் போட்டுப் பாவ அறிக்கை சொன்னோம். பிறகு வரிசையாகப் பீடத்துக்குப் போனார்கள். நான் வாசல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். நான் பிடித்துக்கொண்டிருந்த வசனப்படி எனக்கு அங்கே இடமில்லை. ஐந்து பந்தியில் ஒருத்தியைப் பட்டினி போட்டவன் எந்த முகத்தோடு கை நீட்டுவது?

போதகர் அப்பத்தை எடுத்தபோது, பீடத்தில் முழங்கால் போட்டிருந்த மாசாணியம்மாள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். பிறகு எழுந்து, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பெஞ்சுகளுக்கு நடுவே என்னிடம் நடந்து வந்தாள்.

"ஏனுங்கண்ணா, இங்கயே நின்னுட்டீங்க? வாங்க. நீங்க வராம நான் எப்படீங்க சாப்புடறது?"