மூன்றாவது ஆணி

எங்கள் ரொட்டித் தொழிற்சாலைக்கு நிர்வாகியாக வந்த சின்ன முதலாளி, முதல் நாளே எங்களை எல்லாம் நிற்க வைத்துப் பேசினார்.

"பிறப்புல ஒண்ணுமே இல்லைங்க. எல்லாம் உழைப்புதான். நானே அடுப்பு முன்னாடி நின்னு மேல வந்தவன்!"

உண்மைதான். படிப்பு முடிந்ததும் ஒரு வாரம் எங்கள் அடுப்புப் பிரிவில் நின்றார். ஐயாவுக்கு வியர்க்கக் கூடாதென்று அந்த வாரம் முழுக்க அடுப்பை அணைத்து வைத்திருந்தோம். வெறும் தட்டுகளை உள்ளே தள்ளி வெளியே இழுத்தே தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டார். கடைகளில்தான் ரொட்டி கிடைக்கவில்லை.

பேச்சைக் கேட்டு எனக்குப் புல்லரித்துவிட்டது. அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததால், கணக்குப் படித்த என் மகளை மறுநாளே அவர் அறைக்குக் கூட்டிப்போனேன்.

அவர் அவளை அன்போடு பார்த்தார். "ஆபீஸ் வேலை எதுக்கும்மா? உங்க அப்பா நின்னா ஒரு ரொட்டி கருகாது. அதெல்லாம் ரத்தத்துல ஊறினது. உனக்கும் வரும். அடுப்புலயே சேர்ந்துடு."

"அப்ப உழைப்பு, சார்?"

"அதை அடுப்புல காட்டும்மா."

அவர் நாற்காலிக்குப் பின்னால் நிர்வாகிகளின் படங்கள் தொங்கின. தாத்தா, அப்பா, புதிதாக இவர். இவர் படம் புத்தம் புதிது; அது தொங்கிய ஆணி மட்டும் துருப்பிடித்திருந்தது. பிடிக்காதா பின்னே? இவர் பிறந்த அன்றே பெரிய முதலாளி சொல்லி, அதை அடித்தவன் நான்தான்.