பன்னிரண்டு டிகிரி

எல்ஸ்பெத் அக்கா இடுப்பு ஆபரேஷனுக்குப் போகுமுன் என்னிடம் சொன்னது இரண்டுதான். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பன்னிரண்டு டிகிரியில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பரண் மூடியும் திறந்தே இருக்கட்டும். வெதுவெதுப்பு மேலே ஏறினால்தான் அங்கிருக்கும் குழாயில் தண்ணீர் உறையாது.

குளிரெடுத்தால் இன்னொரு ஸ்வெட்டரைப் போடு என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. ஆளில்லாத வீட்டைச் சூடாக்குவது எனக்கு அப்பட்டமான ஊதாரித்தனமாகப் பட்டது. தபாலை எடுக்கப் போனவள் பாய்லரை அணைத்தேன், பரணையும் மூடினேன். மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமை வேறு.

அந்த வாரம் எங்கள் ஊர் பீபிள்ஸில் மைனஸ் பதினொன்று டிகிரி. ஞாயிறன்று பனி இளகியதும் பரணில் வெடித்திருந்த குழாய் தண்ணீரைக் கொட்டியது. சீலிங் இடிந்து அக்காவின் கட்டில்மேல் விழுந்தது. அதை முதலில் பார்த்தவன் அவள் மகன் ஃபெர்கஸ். பாய்லரைத் தொட்டீர்களா என்று போனில் கேட்டான்.

"நான் எதுக்குடா தொடப்போறேன்?" என்றேன். வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அம்மாவுக்கு மறதி, முதியோர் இல்லம்தான் நல்லது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். இப்போது அவன் கையில் ஆதாரம் கிடைத்துவிட்டது. கொடுத்தவள் நான்.

செவ்வாயன்று ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இல்லத்தில் சேர்வதற்கான படிவம் அக்காவின் மடியில் இருந்தது.

"நீதாம்மா அணைச்சிருக்க. இன்னைக்குக் குழாய், நாளைக்கு அடுப்பு" என்றான் ஃபெர்கஸ்.

"ஓடவிட்டுட்டு வந்ததாத்தான் ஞாபகம்... இல்லையோ?" என்றாள் அக்கா.

நான் படிவத்தின்மேல் கையை வைத்தேன்.

"நான்தான்க்கா அணைச்சேன். பரணை மூடினதும் நான்தான்."

"அன்னைக்குத் தொடலேன்னீங்களே சித்தி. அம்மாவைக் காப்பாத்துறதுக்காக இப்படிப் பேசாதீங்க."

எந்த நாள், எத்தனை மணி, என்ன தபால் வந்திருந்தது என்பதுவரை சொன்னேன். அடம்பிடிக்கும் குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல் அவன் தலையாட்டினான்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்ன வயசுலேர்ந்து எனக்காகப் பழி ஏத்துக்கிறவ நீ. போதும்டி நெட்டா. எனக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சு."

மகனிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.